‘சைன் வைக்கிற கேஸ்’ எடுக்கத் தெரியுமா?

கொலை வழக்கு உங்களுக்கு வராது. பெரிய காணி வழக்கும் வராது. சத்தியப்பிரமாணம் செய்து கறுப்புக் கோட்டு போட்ட முதல் நாலைந்து வருடங்களுக்கு அவையெல்லாம் சீனியர்களின் மேசைக்குத்தான் போகும். கண்டி நீதிமன்ற வளாகத்தில் ஜூனியர்களுக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் அதே சில சீனியர்களுக்குப் பின்னால் பைல் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நீங்களும் அங்கேயே நின்றால் உங்கள் பெயர் யாருக்கும் தெரியப்போவதில்லை. மற்றவர்கள் சீந்தாத ஒரு வேலையைப் பிடியுங்கள். அதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுங்கள்.

அப்படி ஒரு வேலை இருக்கிறது. நீதிமன்றம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையோடு வெளியே விட்டிருக்கும். அந்த நிபந்தனையை மீறிவிட்டார் என்று அவரைத் திரும்பவும் கூப்பிடுவார்கள். அவருக்காக ஆஜராவதுதான் அந்த வேலை. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதற்குச் சட்டப்பெயர் சொல்லமாட்டார்கள். "ஐயா, சைன் வைக்கிற கேஸ்" என்பார்கள். வழக்கைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும். பீஸும் சிறிது. ஆனால் தோற்றால் மனிதர் அன்று மாலை வீட்டுக்குப் போகமாட்டார். முன்பென்றால் போகம்பறை, 2014 தொடக்கத்தில் அது மூடப்பட்ட பிறகு பல்லேகலை, தும்பறைச் சிறை. அந்த ஐந்து நிமிடத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பத் தெரிந்த சட்டத்தரணியின் போன் நம்பர் ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்குத் தானாகப் போய்ச் சேரும். விளம்பரம் போட்டுக் கட்சிக்காரரைத் தேடத் தொழில் ஒழுக்கம் இடம் தராத துறையில், உங்களுக்கு வேறு மார்க்கெட்டிங் கிடையாது.

1. எந்தத் தாள் என்று முதலில் பாருங்கள்

கட்சிக்காரர் சொல்வதை வைத்து வழக்கை முடிவு செய்யாதீர்கள். அவருக்கு எல்லாமே ‘சைன்’தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நாலு வெவ்வேறு சட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. 1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கக் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த கட்டளையாக இருக்கலாம். அல்லது 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், சிறைக்குப் பதிலாகச் சம்பளமில்லாச் சமுதாய வேலையோ ஆலோசனையோ சிகிச்சையோ விதித்த கட்டளையாக இருக்கலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவில் ஒத்திவைத்த சிறைத்தண்டனை இருக்கிறது. அதே கோவையின் 306ஆம் பிரிவில் நன்னடத்தைக்குப் பிணைமுறி எழுதிக்கொடுத்து நிபந்தனையோடு விடுவிக்கப்படும் வழியும் இருக்கிறது. இது எதுவுமே இல்லாமல், 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் கீழ் ஞாயிறுதோறும் பொலிஸில் கையெழுத்து வைக்கும் வெறும் பிணை நிபந்தனையாகவும் இருக்கலாம்.

ஒவ்வொன்றிலும் ‘மீறல்’ வேறு. அதற்குரிய பதிலும் வேறு. ஆகவே வழக்கேட்டைப் பார்க்காமல் வாய் திறக்காதீர்கள். பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டு, மூலக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுங்கள். எத்தனை மணித்தியாலம் வேலை, எங்கே, எப்போதிலிருந்து எப்போதுவரை, யாரிடம் ரிப்போட் பண்ண வேண்டும் என்று பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். கட்டளையில் இல்லாத ஒன்றை மீறியதாகவே சில சமயம் குற்றச்சாட்டு நிற்கும். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிப்பவர் எல்லோர் கண்ணிலும் படுவார்.

2. ஒத்திவைத்த தண்டனை என்றால் உடனே திகதியைப் பாருங்கள்

இரண்டு வருடக் கடூழியச் சிறை, ஐந்து வருடத்துக்கு ஒத்திவைப்பு என்ற பாணித் தீர்ப்பை நீங்கள் கேட்டுப் பழகியிருப்பீர்கள். அந்தக் காலத்துக்குள் இன்னொரு குற்றம் செய்தால் பழைய சிறைத்தண்டனை உயிர்பெறும். இங்கே ஜூனியர்கள் விடுகிற மிகப் பெரிய பிழை ஒன்று உண்டு.

கட்சிக்காரருக்குக் கம்பளையில் ஒரு கசிப்பு வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வேலைக்குப் போகவே அவர் விரும்புவார். நீங்களும் "சரி, முடித்துவிடலாம்" என்பீர்கள். மூன்று வருடத்துக்கு முன் கண்டியில் அவருக்கு விதிக்கப்பட்ட ஒத்திவைத்த தண்டனை பற்றி அவர் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. அந்த ஒப்புதலோடு அவர் கண்டிக் கதவையும் தானே திறந்துவிட்டார். எனவே எந்தச் சிறு வழக்கானாலும், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "அண்ணே, இதுக்கு முந்தி எந்தக் கோட்டிலயாவது ‘இனிமே செய்யக் கூடாது’ன்னு சொல்லி விட்டாங்களா?" ‘ஒத்திவைத்த சிறைத்தண்டனை’ என்று கேட்டால் இல்லை என்பார். இப்படிக் கேட்டால் ஆமாம் என்பார்.

ஏற்கெனவே சிக்கிவிட்டவர் வந்தால், புதிய குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாள் ஒத்திவைப்புக் காலத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள். தீர்ப்பு வந்த நாளைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

3. ‘ஏன் வரவில்லை?’ என்பதற்குள்தான் உங்கள் வழக்கு இருக்கிறது

சமுதாய வேலைக்கு வரவில்லை, உத்தியோகத்தரிடம் ரிப்போட் பண்ணவில்லை என்ற வழக்குகளில் ‘வரவில்லை’ என்பதை மறுக்க முடியாது. பதிவேட்டில் கையெழுத்து இல்லை; அவ்வளவுதான். வராததற்கு நியாயமான காரணம் உண்டா என்பதை வைத்துத்தான் நீங்கள் வாதாட வேண்டியிருக்கும். அந்தக் காரணத்தைக் கட்சிக்காரர் தாமாக உங்களிடம் சொல்லமாட்டார்.

என் இரண்டாவது வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தோட்டத்திலிருந்து நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்தார். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "மறந்துட்டேன் ஐயா" என்றார். நானும் அதையே நீதிமன்றத்தில் மரியாதையான சிங்களத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே போனார். அடுத்த வாரம் அவருடைய மகள் ஒரு கடிதத்தோடு வந்தாள். வேலைக்கு வரவேண்டிய இடத்தையும் நாளையும் மாற்றி அனுப்பிய கடிதம் அது. அது தோட்ட ஒபிஸில் பல நாள் கிடந்துவிட்டுத்தான் லயத்துக்கு வந்திருந்தது. மனிதர் எதையும் மறக்கவில்லை. துரைமார் ஒபிஸைக் குறை சொல்லப் பயந்து ‘மறந்துட்டேன்’ என்றிருக்கிறார். நான் இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்றிலிருந்து முதல் பதிலை நான் நம்புவதில்லை.

மலையகத்தில் கடிதம் ஒரு பெரும் பிரச்சினை. லய அறைகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. தபால் தோட்ட ஒபிஸுக்கு வந்து, அங்கிருந்து ஆள் மூலம் போகும். அழைப்பாணை, நோட்டீஸ், இடமாற்றக் கடிதம் எல்லாமே அந்த ஒரே வாசல் வழியாகத்தான் போகின்றன. கடிதம் எப்போது வந்தது, யார் வாங்கினார், யார் கொடுத்தார் என்று கேளுங்கள். உறையில் இருக்கும் தபால் முத்திரையைப் பாருங்கள். பெயரையும் பாருங்கள். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், அடையாள அட்டையில் சிங்கள உச்சரிப்பில் எழுதிய வேறு பெயர், தோட்டத்தில் கூப்பிடும் பெயர் மூன்றாவது என்று இருப்பவர்கள் பலர். ஒரு பெயருக்கு வந்த கடிதத்தை மற்றப் பெயர்க்காரர் தனதல்ல என்று திருப்பிக் கொடுத்திருக்கக்கூடும்.

அடுத்தது ‘பேர்’. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போய்ச் செக்ரோலில் பதிந்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். உத்தியோகத்தர் குறித்த நாளில் மலைக்குப் போயிருந்தால் அதற்குச் செக்ரோல் சாட்சி. அது இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை மறக்காதீர்கள். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாலும் அதே ஏடு காட்டிக்கொடுக்கும். ஆகவே வாதம் எழுதுவதற்கு முன்பே அந்த மாதச் செக்ரோல் விவரத்தைக் கணக்கப்பிள்ளையிடமோ ஒபிஸிலோ கேட்டுப் பாருங்கள். பேர் இழந்தால் அன்று அடுப்பு எரியாது என்ற நிலையில் சமுதாய வேலைக்கு வராதவரும், சும்மா வராதவரும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தை நீதவானுக்குக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. காட்டிய கையோடு, "வாரநாளில் முடியாது, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றித் தாருங்கள்" என்று ஒரு தீர்வையும் கேளுங்கள்.

இவற்றோடு தோட்ட டிஸ்பென்சரித் துண்டு, வைத்தியசாலை கிளினிக் கொப்பி, பிள்ளையின் பாடசாலைக் கடிதம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றையும் தேடுங்கள். பாதை மூடிய நாளென்றால் அதற்கும் ஆதாரம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்தில் மண்சரிவால் ஊருக்கு ஊர் பாதை துண்டிக்கப்பட்டது. அந்த நாட்களில் ஒருவர் குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு வந்து சேரவில்லை என்றால் அதை விளக்கப் பெரிய வாதம் தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் பகிரங்கமாகவே வெளியாகின்றன. அந்தத் திகதிக்குரிய எச்சரிக்கையைப் பிரின்ட் எடுத்து, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு சேர்த்து ஒரே பைலில் கொடுங்கள். பெரஹரா நாட்களில் நகர வீதிகள் மூடப்படுவதையும் இப்படிக் காட்டலாம். ஆனால் பெரஹரா எப்போது என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று நீதவான் கேட்பார். அதற்கும் பதிலோடு போங்கள்.

4. இரண்டு மொழியும் உங்கள் ஸ்கில்

கடுமையாகவே சொல்கிறேன். சிங்களம் சரளமாக வராவிட்டால் கண்டியில் கிரிமினல் பிராக்டிஸ் செய்ய எண்ணாதீர்கள். தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகள் தவிர மற்ற இடங்களில் நீதிமன்ற மொழி சிங்களம் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. வழக்கேடு சிங்களத்தில், ரிப்போட் சிங்களத்தில், கட்டளை சிங்களத்தில். வாசிக்கத் தெரியாதவர் கட்சிக்காரரின் நிலையில்தான் தானும் நிற்கிறார்.

அதே உறுப்புரை உங்களுக்கு ஓர் ஆயுதத்தையும் தருகிறது. வழக்கின் எந்தத் தரப்பினரோ அவருடைய சட்டத்தரணியோ சிங்களத்திலோ தமிழிலோ பத்திரங்களைச் சமர்ப்பித்து நடவடிக்கையில் பங்கெடுக்கலாம். நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் அரச செலவில் கிடைக்க வேண்டும். அவருக்கு உரித்தான வழக்கேட்டுப் பகுதியைத் தமிழில் பெறவும் உரிமை உண்டு. இதைச் சலுகை போலக் கேட்காதீர்கள், உரிமையாகக் கேளுங்கள். பணிவாக, எழுத்தில், முன்கூட்டியே.

உங்கள் முதல் கேள்வியும் இங்கிருந்தே பிறக்க வேண்டும். அந்தக் கட்டளை பிறந்த நாளில் அது கட்சிக்காரருக்குத் தமிழில் விளக்கப்பட்டதா? நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் முதலியார் அன்று இருந்தாரா? வழக்கேட்டில் குறிப்பு உண்டா? சிங்களத் தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பியிருந்தால், மனிதர் எதை ஏற்றுக்கொண்டார் என்றே அவருக்குத் தெரியாமல் இருக்கும். தெரியாத நிபந்தனையை வேண்டுமென்றே மீற முடியாது.

முதலியாரை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். ‘அரைப்பேர்’, ‘பிரட்டுக்களம்’ என்ற சொற்களை அப்படியே சிங்களத்துக்கு மாற்றினால் பொருள் போய்விடும். நீங்களே எழுந்து ஒரு வரியில் விளக்குங்கள். மற்ற ஜூனியர்களால் முடியாத இந்த ஒரு வரிக்காகவே தோட்டத்து மக்கள் உங்களைத் தேடி வருவார்கள். அக்குறணை, மடவளைப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். போட்டியில் உங்கள் பலம் இதுதான், கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

5. உத்தியோகத்தரை எதிரியாக்காதீர்கள்

புதிதாக வந்தவர்கள் ரிப்போட் எழுதிய உத்தியோகத்தரைக் குறுக்குக் கேள்வியால் மடக்கி இம்ப்ரெஷன் காட்டப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது கட்சிக்காரருக்குப் பாதகமாக முடியும். வழக்கு முடிந்த பிறகும் அவர் அதே உத்தியோகத்தரிடம்தான் கையெழுத்து வைக்கப் போக வேண்டும்.

நன்னடத்தைப் பணி உருவான கதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1841இல் பொஸ்டன் நகரில் ஜோன் ஒகஸ்டஸ் என்ற சப்பாத்துத் தொழிலாளி, குடித்ததற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஒருவரைத் தன் பொறுப்பில் எடுத்து, மூன்று வாரம் கழித்துத் திருந்திய ஆளாகக் கொண்டுவந்து நிறுத்தினார். இந்தப் பதவியின் வேர் உதவி செய்வதில் இருக்கிறது. நல்ல உத்தியோகத்தர்கள் இன்றும் அப்படித்தான் நடக்கிறார்கள். தவணைக்கு முன் கட்சிக்காரரையும் கூட்டிக்கொண்டு ஒபிஸுக்குப் போங்கள். காரணத்தையும் ஆதாரத்தையும் காட்டுங்கள். தவறிய மணித்தியாலங்களை எப்போது செய்து முடிப்பார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "இப்போது ஒத்துழைக்கிறார்" என்ற ஒரு வரி மேலதிக ரிப்போட்டில் வந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. இரண்டு அலுவலகங்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணத் திணைக்களம். அவர்களுடைய மேசையில் பெரும்பாலும் சிறுவர் விடயங்கள் இருக்கும். சமுதாயஞ்சார் சீர்திருத்தம் வேறு திணைக்களம். தவறான வாசலில் போய் நிற்கும் சட்டத்தரணியைப் பற்றி இரண்டு இடத்திலும் பேசிக்கொள்வார்கள்.

6. பிடியாணை என்றால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்

பிடியாணை பிறந்துவிட்டது என்று தெரிந்ததும் கட்சிக்காரருக்கு ஊரைவிட்டு ஓடத் தோன்றும். கொழும்பில் கடை வேலைக்குப் போய்விடுவார். அப்படி விட்டுவிடாதீர்கள். நகர்த்தல் பத்திரம் போட்டு வழக்கை அழைப்பித்து, அவரை நீங்களே ஆஜராக்குங்கள். தானாக வந்து நிற்பவருக்கும், பொலிஸ் ஜீப்பில் கொண்டுவரப்பட்டவருக்கும் நீதவானின் கண்ணில் பெரிய வித்தியாசம் உண்டு. சுத்தமான சேர்ட், கையில் அடையாள அட்டை, பக்கத்தில் பிணை நிற்க ஓர் உறவினர், பத்திரங்கள் ஒழுங்காக அடுக்கிய பைல். நீதவான் ஆசனத்தில் அமரும் முன்பே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். கலஹாவிலிருந்து வருகிறவரை முதல் பஸ்ஸில் ஏறச் சொல்லுங்கள்.

7. கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்

"கருணை காட்டுங்கள்" என்று மட்டும் சொல்லி உட்காரும் வழக்கத்தை விடுங்கள். நீதவானின் முன் பல வழிகள் உண்டு. எச்சரித்துக் கட்டளையைத் தொடர விடலாம், நிபந்தனையை மாற்றலாம், கடைசியில்தான் சிறை. எந்த வழி, ஏன், எந்தத் திகதியிலிருந்து என்று மூன்று வாக்கியத்தில் கேளுங்கள்.

பின்பலத்துக்கு இரண்டைக் கையில் வைத்திருங்கள். 1990 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற டோக்கியோ விதிகள் ஒன்று. அவற்றின் 14ஆவது விதிப்படி, மீறல் குறித்து உத்தியோகத்தர், குற்றவாளி இருவர் தரப்பையும் கவனமாக ஆராய்ந்த பிறகே முடிவெடுக்க வேண்டும். மீறினார் என்பதற்காகத் தானாகவே சிறை விதிக்கக் கூடாது. மற்றது, 1983இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த பேர்டன் எதிர் ஜோர்ஜியா வழக்கு. எழுத்தறிவில்லாத ஒரு தொழிலாளி வேலையை இழந்து, மீதி 550 டொலர் கட்ட முடியாமல் போனதால் நன்னடத்தைக் காலம் ரத்தாகிச் சிறைக்குப் போனார். முயன்றும் கட்ட முடியாதவரை, வேறு வழி உண்டா என்று பாராமல் வறுமைக்காகச் சிறையில் போட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. இவை நமது நீதவானைக் கட்டுப்படுத்தா. அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நேர்மையாகச் சொல்லிவிட்டு வைத்தால் அந்த வாதத்துக்கு எடை கூடும்.

8. பீஸ்

பீஸை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள், ரசீது கொடுங்கள், தவணை தவணையாக இழுக்காதீர்கள். முழு வழக்குக்கும் ஒரே தொகை. கட்ட முடியாதவரை 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு நீங்களே வழிகாட்டி அனுப்புங்கள். அப்படி அனுப்பிய ஆள் பிறகு நாலு பேரை உங்களிடம் அனுப்புவார்.

9. தோற்ற அன்று மாலை

எல்லாம் சரியாகச் செய்தும் சில சமயம் கட்டளை எதிராக வரும். அப்போது கட்சிக்காரரின் மனைவி வாசலில் நின்று, "இனி என்ன செய்யலாம் சேர்?" என்று கேட்பார். ‘பார்ப்போம்’ என்று சொல்லிவிட்டுக் கென்டீனுக்குப் போகாதீர்கள். நீதவான் நீதிமன்றத்தின் இறுதிக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு செய்யச் சட்டக்கோவையின் 320ஆம் பிரிவு தருவது 14 நாள். மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மீளாய்வு அதிகாரமும் உண்டு. மத்திய மாகாணத்துக்கு அது கண்டியிலேயே இருக்கிறது. பிரதி கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாள் எண்ணிக்கை கட்டளை பிறந்த நேரத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது. அந்த அம்மாவிடம் திகதியை எழுதிக் கொடுங்கள். அன்று இரவே மனுவை எழுத உட்காருங்கள்.